முப்பது தீப்பெட்டி

தாயில்பட்டி மாதர் சங்கத்துக்கு அறிவியல் விளக்கம் காட்ட வந்திருந்த முத்துமாரியம்மாள், முந்தின நாளே வெயிலில் வைத்திருந்த கண்ணாடி ஜாடியைக் காட்டினாள். உள்ளே தண்ணீரில் கண்மாய்ப் பாசி. அதிலிருந்து குமிழியாய்க் கிளம்பிய காற்று, மேலே கவிழ்த்த குழாயில் சேர்ந்திருந்தது.

"வெயில் பட்டா பாசி தண்ணியப் பிளந்திரும். அப்ப வர்ற பிராணவாயு இது. அணையப்போற நெருப்பும் இதுல பத்திக்கிடும்."

"தண்ணி நெருப்ப அணைக்கும். வளக்குமாக்கும்?" என்றாள் கூட்டத்திலிருந்த சுப்புத்தாய். எல்லாரும் சிரித்தார்கள்.

முத்துமாரியம்மாளுக்குச் சுருக்கென்றது. "இப்பவே காட்டுறேன். ஆளுக்கொரு தீப்பெட்டி கொண்டாரச் சொன்னேனே, எங்க?"

முப்பது கைகள் உயர்ந்தன. முதல் பெட்டியைத் திறந்தாள். காலி. அடுத்ததும் காலி. முப்பதும் காலி.

"வீட்டுல நாங்க பெட்டிதான ஒட்டுறோம் டீச்சரம்மா, குச்சி அடைக்கிறது தீப்பெட்டிக் கம்பெனியில. எங்க வேலையப் பாக்கத்தான் கேட்டீகன்னு நெனச்சோம்."

சொன்ன சுப்புத்தாயே ஓடிப்போய், அடுப்பிலிருந்து கங்கு கனியும் சுள்ளி ஒன்றை எடுத்துவந்தாள். முத்துமாரியம்மாள் குழாயின் வாயைப் பொத்தி நிமிர்த்தி, சுள்ளியை உள்ளே விட்டாள். குப்பென்று எரிந்தது.

"ஆத்தாடி!" என்றாள் சுப்புத்தாய். "முப்பது தீப்பெட்டியில இல்லாத நெருப்பு, தண்ணிக்குள்ள கெடந்திருக்கே!"