யார் கண்ணும் படாமல்

குழந்தையின் இதயத்தில் ஓட்டை; நாளை அறுவை சிகிச்சை. அந்த இதயத்தின் முப்பரிமாணப் பிம்பம் மேசைக்கு மேலே அந்தரத்தில், தேங்காய் அளவுக்குப் பெரிதாகித் துடித்துக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிய மருத்துவர்கள் அதைச் சுற்றி நின்று உற்றுப் பார்த்தார்கள். தாய் செண்பகவல்லிக்கும் ஒரு கண்ணாடி கொடுத்திருந்தார்கள்.

“என்ன அழகா தெரியுது பாருங்க!” என்றார் இளம் மருத்துவர் ஒருவர்.

அவளுக்குப் பகீரென்றது. குழந்தையைக் குளிப்பாட்டும்போதுகூட யார் கண்ணும் பட்டுவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொள்கிறவள். சட்டென்று எழுந்து முந்தானையோடு கையை நீட்டி இதயத்தை மறைத்தாள். கையில் எதுவும் தட்டுப்படவில்லை. விரலிடுக்கில் துடிப்பு மட்டும் தெரிந்தது.

“கையை எடுங்கம்மா,” என்றார் பெரிய டாக்டர். “ஓட்டையே தெரியல.”

அவள் இன்னொரு கையையும் கொண்டுவந்து வைத்தாள்.