ஐந்தாம் எண் வீட்டுக் காலடி

ஐந்தாம் எண் வீட்டில் பேய் நடமாடுகிறது என்பது வயதானவர்களுக்கான அந்தத் தர்ம விடுதியின் கிழடுகள் எல்லோருக்கும் தெரியும். நானூறு வருடக் கட்டடம், இருக்கத்தானே செய்யும் என்பார்கள். "விளக்கணைச்சதும் சுவருக்குள்ள காலடி கேக்குது" என்று முதலில் சொன்னவள் ஒட்டிய சுவர் வீடான நாலாம் எண்ணில் இருக்கும் ஐவி.

ஐந்தாம் எண்ணில் தனியாக இருந்த ரெஜி போன மாதம் செத்துப்போனார். வீட்டைக் காலி செய்ய வந்த விடுதிப் பொறுப்பாளர் டெபரா, சுவர் அலமாரியைத் திறந்தாள். அதற்குப் பின்பலகையும் இல்லை, சுவரும் இல்லை. அந்தப் பக்கம், நாலாம் எண் வீட்டில், ஐவி தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஓ, பேய் இந்த வழியாத்தான் வருமா?"

ஐவி சிரிக்கவில்லை. "பதினொரு வருஷம் முன்னாடி பக்கத்து ஊருக்குப் போய் ரகசியமாப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். அவர் என் புருஷன். என்னை வெளிய அனுப்பிடாத கண்ணு. எழுபத்தொன்பது வயசுல எங்க போவேன்?"

"யாரு உங்களை அனுப்பப் போறா?"

"வாசல் பலகையில இருக்கே. இங்க இருக்கிறவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டா அன்னிக்கே வெளியேறணும்னு."

"அதுவா? அந்த விதியை எடுத்து நாப்பது வருஷம் ஆச்சு ஐவி. பழங்காலக் கட்டடம், ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கக் கூடாதுன்னு சட்டம். அதனால பலகை மட்டும் தொங்குது."



"அவர் அடக்கத்தன்னிக்கு, சொந்தக்காரங்க முன்வரிசைக்கு வாங்கன்னு பாதிரியார் ரெண்டு தடவை கூப்பிட்டார்" என்றாள் ஐவி. "யாரும் போகல. நான் பின்னாடி, ஏழாம் எண் வீட்டுக்காரி பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்."