கேட்டுக்கு வெளியே

அவள் கேட்டுக்கு உள்ளே நின்றாள். பெட்டி வெளியே இருந்தது.

பிஸ்கட் வந்த அட்டைப்பெட்டி. சணல் கயிறு கட்டி, மேலே பேனாவால் ‘தயவுசெய்து’ என்று எழுதியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஆள்தான்.

அதற்கு நேர் மேலே அவள் தொங்கவிட்ட அட்டை. ‘ஆறு மாதத்துக்குப் பூனை எடுக்க முடியாது.’

பெட்டிக்குள்ளே குட்டிகள் கத்தின. கண் திறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். குரலை வைத்தே சொல்லிவிடுவாள். மூன்று, இல்லை நான்கு.

கை தாழ்ப்பாள் வரை போய்த் திரும்பியது.

ஊருக்கே இது பூனை வீடு. நடத்துவது அவள் ஒருத்திதான்.

போன வாரம் இங்கே பதினோரு குட்டிகள் செத்தன. வாந்தி, கழிச்சல், மூன்றே நாள். பெரிய பூனைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்க முடிந்த தடுப்பூசி அவற்றுக்குத்தான் போதுமானதாக இருந்தது. குட்டிகளுக்கு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தவளும் அவள்தான்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிருமி தரையில் இருக்கும். உடுப்பில் இருக்கும். செருப்பில் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு குட்டியும் உங்கள் கிட்டே வரக்கூடாது.

வெயில் பெட்டியின் மேல் ஏறிவிட்டது.

யாரைக் கூப்பிடுவது? ஃபோனில் இருந்த பெயர்களெல்லாம் பூனையைக் கொண்டுவந்து விட்டவர்கள். விட்டுப் போன பிறகு ஒருத்தரும் எடுப்பதில்லை.

பக்கத்து வீட்டு மாடியில் எஸ்தர் துணி காயப்போட்டுக் கொண்டிருந்தாள். நாற்றம் தாங்கவில்லை என்று மாநகராட்சியில் மனுக் கொடுத்தவள். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

“எக்கா.”

எஸ்தர் திரும்பவில்லை.

“எக்கா, இந்தப் பெட்டிய மட்டும் எடுத்துக்கிடுங்க.”

“உன் வாசல்லதான கெடக்கு. நீயே எடுக்க வேண்டியதுதான?”

“நான் தொட்டா செத்துரும்க்கா.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலும் விழுந்தது. எட்டு நாளாக யாரிடமும் சொல்லாதது.

எஸ்தர் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள்.

கீழே இறங்கி வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டு வாசலுக்குப் போனாள். அங்கே நின்று கேட்டாள்.

“என்ன குடுக்கணும்?”

மாட்டுப்பால் வேண்டாம், வயிற்றால் போகும். பூனைக்குட்டிக்கென்று பால்பொடி இருக்கிறது. ஊசி இல்லாத சிரிஞ்சில் கொடுக்க வேண்டும். மல்லாத்தக் கூடாது, குப்புறப் படுக்க வைத்து, மெல்ல. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. குடித்ததும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும், இல்லையென்றால் ஒன்றுக்குப் போகாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள். எஸ்தர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு கதவைத் தோளால் தள்ளினாள்.

“இன்னொண்ணுக்கா.”

எஸ்தர் நின்றாள்.

சொல்ல வேறொன்றும் இல்லை.