வாசலுக்கு எத்தனை வாட்

வாசல் விளக்குக்கு இருபது வாட் பல்பு போதுமா என்று செண்பகவல்லி கேட்டதும் எலக்ட்ரீசியன் அருளப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வெளிச்சம் கூடக்கூட ஓரத்து இருட்டும் கூடும்க்கா. கண்ணு கூசி, பக்கத்துல நிக்க ஆளே தெரியாது" என்று விளக்கினான்.

அவள் அவனை எதிர்வீட்டு வாசலில் போய் நிற்கச் சொன்னாள். அது அவள் கணவனுடைய அண்ணன் வீடு. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட அவள் மகள் இந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது என்று இரண்டு வருடமாகக் காவல் இருப்பவர், இப்போது கோயிலுக்குப் போயிருந்தார்.

"என் மூஞ்சி தெரியுதா தம்பி?"

"பொட்டே தெரியுதுக்கா."

"அப்பக் கொறைங்க."

பன்னிரண்டு மாட்டினான், ஒன்பது மாட்டினான். ஐந்து வாட்டில்தான் ஆள் நிற்பது மட்டும் தெரிந்தது, யாரென்று தெரியவில்லை.

செண்பகவல்லி உள்ளே போய் ஒரு தலையணையை எடுத்துவந்தாள். அதை இரு கைகளிலும் ஏந்தியபடி படியேறிப் பார்த்தாள். இரண்டாம் படியில் தடுக்கியது.

"பிள்ளையத் தூக்கிட்டு வாரவளுக்குக் காலு தெரியணும்லா."

அருளப்பன் விளக்கைக் கழற்றி, படியோரச் சுவரில் முழங்கால் உயரத்தில் தரையைப் பார்க்க மாட்டினான். பிறகு தலையணையை வாங்கித் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவிலிருந்து ஏறினான். மூன்று படிகளும் தெளிவாகத் தெரிந்தன.

"நான் யாருன்னு தெரியுதாக்கா?"

"யாரோ மாதிரி இருக்கு" என்றாள், இப்போது எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்த செண்பகவல்லி. அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டாள்.