மறியலுக்கு அந்தப் பக்கம்

"இந்த மறியல் பண்றவங்கல்லாம் நல்லா இருப்பாங்களா?" இளையபெருமாள் பஸ்ஸுக்குள் வாய்விட்டே சபித்தார். முத்துப்பேட்டை சாலையில் பஸ் நின்று வெகுநேரமாகிவிட்டது. மடியில் ஐஸ் வைத்த பை. அதற்குள் மனைவி அம்சத்துக்கான இன்சுலின் பேனா.

மாத்திரைக்கெல்லாம் மசியாமல் ஊசிக்கு மாறிய உடம்பு அவளுக்கு. பாட்டிலும் சிரிஞ்சுமாக அல்லாட முடியாது, பேனா ஊசிதான் வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கினாள். அது உள்ளூர்க் கடைகளில் கிடைப்பதில்லை. நேற்றே தீர்ந்துபோக, விடிந்ததும் திருவாரூருக்கு ஓடி வாங்கி வருகிறார்.

போன வருஷம் இப்படித்தான் ஊசி விட்டுப்போய், வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, நினைவில்லாமல் கிடந்தாள்.

போன் போட்டார். "எப்படி இருக்கு அம்சம்?"

"நாக்கு வறளுதுங்க. தண்ணியா குடிக்கிறேன்." குரல் கம்மிப்போயிருந்தது. பின்னால் ஒரே இரைச்சல். டிவியை அலறவிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"எங்கயும் போவாத. உக்காந்த இடத்த விட்டு அசையாத."

"அசைய மாட்டேன். நீங்க பதறாம வாங்க."

அதற்குமேல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி ஓடினார். லாரியும் காரும் டிராக்டருமாக வரிசை முடிவதாக இல்லை. வாய்க்கால் பாலத்தில் போலீஸ்காரர்கள் சுவர் மாதிரி நின்றார்கள். மறியல் செய்பவர்கள் கண்ணிலேயே படவில்லை.

இன்ஸ்பெக்டரின் காலில் விழாத குறை. "ஐயா, என் பொஞ்சாதி உசுரு இந்தப் பையில இருக்கு. பஸ்ஸ மட்டும் விடச் சொல்லுங்க."

"காலையிலேருந்து நானும் கெஞ்சிட்டுத்தான் இருக்கேன் பெரியவரே. கடைமடைக்குத் தண்ணி வராம எந்திரிக்க மாட்டேங்குது அந்தம்மா. அது சொன்னாத்தான் மத்தவங்க எந்திரிப்பாங்க. நீங்களே கேட்டுப் பாருங்க."

போலீசை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். வாடிய சம்பாப் பயிரை மடியில் போட்டுக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்திருந்தவள், அவரைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"ஊசிய இப்படிக் குடுங்க, தண்ணி தொறக்காம நான் வீட்டுக்கு வர்றதா இல்ல."