பாம்பு பழகும்வரை

அறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி மங்கையர்க்கரசி, செல்லப்பிராணி நல அதிகாரி, கண்ணாடிப் பெட்டியில் பென்சில் பருமனில் ஒரு பாம்புக் குட்டி.

நான் வாங்கி வந்ததிலிருந்து அது இரையாக வைத்த உறைந்த எலிக்குஞ்சைத் தொடவில்லை. வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டினேன். எரிச்சலில் அடிக்கடி கையில் எடுத்துப் பார்த்தேன். அதுதான் தப்பாம்.

"உங்க கை பட்டாலே பயப்படுது சார். பெட்டியில இருக்கிற பயத்தை அளக்கிற கருவி காட்டுது," என்றார் அதிகாரி. "அது சாப்பிடுற வரைக்கும் நீங்க வெளியதான் தங்கணும். சட்டம்."

"இது என் வீடுய்யா!"

"இப்ப அதுக்கும் வீடுதான் சார்."

"நீயாவது சொல்லேன்," என்று மங்கையிடம் கத்தினேன்.

அவள் என் துணிப்பையை நீட்டினாள். "நான் கல்யாணமாகி வந்தப்ப எனக்கு இப்படி ஒரு கருவி வைக்கலையே."

நான் வாசலைத் தாண்டியதும் கதவைச் சாத்திப் பூட்டினாள்.