மூன்று வருஷத்தில் ஒரு தப்பு

“ஏலே மதி, பந்து அசையுறதுக்கு முன்னாடி உன் காலு எப்படிலே அசைஞ்சுது?”

கோச் தேவப்பிரியம் விசிலைக் கழற்றி பெஞ்சில் எறிந்தார்.

“வழுக்கிருச்சி சார்.”

திருவொற்றியூர் மைதானத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் அப்போதுதான் முடிந்திருந்தது. ஜெயித்தும் கோச்சுக்குச் சிரிப்பு வரவில்லை.

“மூணு வருஷமா ஒரு ஃபவுல் கிடையாது. இன்னைக்கி இருபது பாயின்ட் முன்னாடி இருக்கோம், கடைசி நிமிஷம்... ரெஃப்ரி மைக்ல உன் பேரைச் சொல்லுதாரு!”

முன்வரிசையில் நிற்பவன் கைக்குப் பந்து வராது. பந்து வைத்திருக்கும் ஆட்டக்காரன் டென்னிஸை யாரும் நெருங்காமல் மோதி மறிப்பதுதான் மதியின் வேலை. பந்தைக் கொண்டுபோனவன் பெயர் மைக்கில் வரும்; தப்பு செய்தவன் பெயர் வரும். மறிப்பவன் பெயர் வராது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய இடியோடு திங்கட்கிழமை ஹார்பர் வேலைக்குப் போவான்.

“வுடுங்க சார். இவன் இல்லாங்காட்டி என் எலும்ப எண்ணியிருப்பானுங்க” என்றான் டென்னிஸ்.

“நீ சும்மா இரு. அடுத்த வருஷம் டீம்ல ஒரே இடம். இவனா, அஜினா? அஜினுக்கு இருபத்திரெண்டு வயசு. இவனுக்கு முட்டி போச்சு. ஒரு தப்பும் பண்ணாதவன்னு சொல்லித்தான் ஆபீஸ்ல இவனுக்காக மல்லுக்கட்டினேன். இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேச?”

மதி ஷூ கயிற்றை அவிழ்த்தான். கோச் போனதும் டென்னிஸ் குனிந்தான்.

“மாமு, நீயாவது வழுக்கறதாவது! வோணும்னுதான பண்ண?”

“பேஜாரு பண்ணாத தோஸ்து. வூட்லேர்ந்து வந்துகீறாங்க.”

கேட்டருகே அவன் மனைவி அம்மு நின்றிருந்தாள். அவள் தோளைப் பிடித்தபடி அவன் அப்பா. காலடிச் சத்தம் கேட்டதுமே கத்தினார்.

“டேய் மதி! மூணு வருசமா வந்துகினு கீறேன். டென்னிசு, டென்னிசு, வேற பேரே காதுல வுழாது. இன்னிக்கு மைக்குல இங்கிலீசுல இன்னாவோ சொல்லி உன் பேரச் சொன்னான் பாரு, பக்கத்துல கீறவன் கையப் புட்ச்சி, ‘எம்புள்ளடா’ன்னேன். இன்னாடா, கோலு போட்டியா?”

அம்மு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெல்டிங் பட்டறையில் பத்து வருஷத்துக்கு முன்பே பார்வை போன அந்த மனிதர், மகன் முகத்தைத் தேடிக் காற்றில் கையைத் துழாவினார். மதி அதைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

“ஆமா நைனா. கோலுதான்.”